கார்த்திகையில் ஒரு பள்ளம்

"ஏட்டி, இன்னுங் கொஞ்சம் கிட்ட கொண்டா," என்றார் பாக்கியசாமி.

எஸ்தர்ராணி தாளின் ஒரு ஓரத்தையும் அம்மா வேதமணி மறு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு கட்டிலை ஒட்டி நின்றார்கள். அப்பாவை இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கோவில்பட்டி டாக்டர் கைவிரித்து இரண்டு நாளாகியிருந்தது.

கோயம்புத்தூரில் எஸ்தர் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சென்டரில், பேனா பிடித்த மெஷின் ஒன்று வரைந்த படம் அது. அப்பா பதினோரு வருஷம் விவசாய ஆராய்ச்சிப் பண்ணையில் வாராவாரம் கரிசலைத் துளைத்து, எடை போட்டு, காயவைத்து, மறுபடி எடை போட்டு எழுதிய ஈர அளவுகளில் எழுபத்தொன்பதாம் வருஷத்தை மட்டும் அவள் ஏற்றியிருந்தாள். இடமிருந்து வலமாக வாரங்கள், உள்ளே போகப் போக ஆழம், உயரம்தான் ஈரம். கோடும் கோடும் பின்னி மலையாக எழும்பி நின்றது.

"பாத்தியா, மேல காஞ்சாலும் மூணடிக்குக் கீழ எப்படி ஈரங் கெடக்கு! வாயால சொன்னப்ப எவன் நம்புனான்?"

அவர் விரல் நகர்ந்து சட்டென்று நின்றது. கார்த்திகையில், நல்ல மழை நேரத்தில், மலைக்குக் குறுக்கே ஒரு பள்ளம்.

"இது என்னட்டி?"

எஸ்தர் குனிந்து பார்த்தாள். வந்து சேர்ந்த அவசரத்தில் அதை அவள் கவனிக்கவேயில்லை.

"என் தப்புப்பா. அந்த வாரம் நோட்டுல ஒண்ணுமில்ல. வெறுமன விட்டத மெஷின் சைபர்னு எடுத்துக்கிடுச்சு. முன்ன பின்ன வாரத்தப் பாத்து நடுவுல ஒரு நம்பரப் போட்டு வரைஞ்சுட்டு வாரேன்."

"போடாத. அன்னைக்கு நான் பண்ணைக்குப் போகல. போகாத நாளுக்கு நம்பர் ஏது?" என்று சிரித்தார்.

"கஞ்சி ஆறுது," என்று அம்மா தாளை விட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

மறுநாள் விடியும்போது அவர் மூச்சு அடங்கியது. நோகாத சாவு என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். எஸ்தருக்கோ ஆறவில்லை. காட்ட இருந்தது ஒரே ஒரு தடவை. அதையும் ஓட்டையாகக் கொண்டுவந்து காட்டினேனே, என் மனசு நோகக் கூடாதென்றுதானே சிரித்தார் என்று பெட்டிமேல் மண் போடும்போதும் அதுவே அரித்தது.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியதும், பக்கத்துப் புஞ்சைக்காரர் சங்கரபாண்டி காப்பித் தம்ளரோடு சுவரில் ஒட்டியிருந்த படத்தின் முன் நின்றார்.

"தாயி, இது யாரு நெலம்? இந்தப் பள்ளத்துல கெணறு வெட்டுனா தண்ணி வந்துருமே!"

"நெலமில்ல மாமா. நான் பண்ணுன கோளாறு."

அவர் வாசலுக்குப் போனதும், எஸ்தர் பென்சிலை எடுத்துப் பள்ளத்தின் இரு கரையையும் கோடு போட்டு இணைக்கப் போனாள். வேதமணி அவள் கையைப் பிடித்தாள்.

"அதத் தொடாதட்டி. பதினோரு வருஷத்துல அந்த ஒரு வாரந்தான். கடலு பாக்கணும், கடலு பாக்கணும்னு கல்யாணமான நாள்லருந்து உசுர எடுத்தேன். ஒங்கப்பா மண்ணெடுக்கணும், மண்ணெடுக்கணும்பாவ. அன்னைக்கு லீவு சொல்லிட்டு மணப்பாட்டுக்குக் கூட்டிட்டுப் போனாவ. நேத்து அத நெனச்சுல்லா சிரிச்சாவ."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"பெத்த பிள்ளைட்ட இதெல்லாமா சொல்லுவாவ?"

எஸ்தருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"தண்ணிக்குள்ள எறங்குனியாம்மா?"

வேதமணி வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். குனிந்து, சேலையில் முழங்காலுக்குக் கீழே உள்ளங்கையை வைத்துக் காட்டினாள். பிறகு யோசித்து, கையை இன்னும் கொஞ்சம் மேலே வைத்தாள்.