ஆர் கேட்டாலும் சொல்லாதேங்கோ

என் கணவர் மகேந்திரராஜா லிட்கம் ரயில் நிலையத்தில் பதினாறு வருடம் வேலை செய்தார். ரயிலுக்குக் காத்து நிற்பவர்களிடம், கேட்டாலும் கேட்காவிட்டாலும், எங்கள் வீட்டுச் செய்தி முழுவதையும் சொல்லிவிடுவார். மகள் லக்சிகாவுக்குப் பல்கலைக்கழகத்தில் சிவில் எஞ்ஜினியரிங் படிக்க இடம் கிடைத்த கிழமை, முன்பின் தெரியாத ஒரு சீனப் பெண்மணி வந்து கதவைத் தட்டி, ஒரு பை தோடம்பழம் தந்துவிட்டுப் போனார். வீட்டு இலக்கத்தையும் இவர்தான் சொல்லியிருக்கிறார்.

நான் அப்படியில்லை. விசா கையில் வரும்வரை, வீட்டுக்குக் கையெழுத்து வைக்கும்வரை, பிள்ளை வயிற்றில் தங்கி மூன்று மாதம் போகும்வரை வாய் திறக்காத குடும்பத்தில் வளர்ந்தவள். சொன்னால் கண்ணூறு பட்டுவிடும். ஒரே ஒரு முறைதான் அந்த வழக்கத்தை மீறினேன். இவருடைய இருதய ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது என்று டாக்டர் சொன்னபோது, ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடியே நாற்பது பேருக்கு போன் எடுத்துச் சொன்னேன். நாலாம் நாள் அவர் போய்விட்டார். அந்த நாற்பது பேருக்கும் மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. ஒன்றுக்கும் மற்றதுக்கும் தொடர்பில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன, வாய் அன்றைக்கு மூடியதுதான்.

லக்சிகா பட்டம் வாங்கியது அதற்கு ஐந்து மாதம் கழித்து. பிறகு வேலை தேடத் தொடங்கினாள். புதிதாகப் படித்து முடித்தவர்களுக்கான வேலை என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். கீழே இறங்கி வாசித்தால் இரண்டு வருட அனுபவம் கேட்டிருப்பார்கள். எழுபத்தொரு விண்ணப்பம் போட்டாள். பாதிப்பேர் பதிலே போடவில்லை. மற்றப் பாதிப்பேர், கணினியே எழுதிய மாதிரி ஒரே கடிதத்தைத்தான் அனுப்பினார்கள்.

படிக்கும் காலத்திலிருந்தே அவள் ஹோம்புஷில் நாகராஜன் நடத்தும் தோசைக் கடையில் வேலை செய்துவந்தாள். நாகராஜன் மதுரைப் பக்கத்து ஆள். பல்கலைக்கழகத்தில் வேலைவாய்ப்பு ஆலோசனை சொல்லும் பெண் ஒருத்தி, "அந்தக் கடையை ஏன் உன் விண்ணப்பத்தில் எழுதவில்லை?" என்று கேட்டிருக்கிறாள்.

"தோசைக்கடை எல்லாம் எக்ஸ்பீரியன்ஸ் எண்டு நான் நினைக்கேல்லை, அம்மா" என்றாள் லக்சிகா.

எழுதினாள். எழுபத்திரண்டாவது விண்ணப்பத்துக்கு நேர்முகம் வந்தது. பரமட்டாவில் மழைநீர் வடிகால்களைத் திட்டமிடும் ஒரு நிறுவனம். போய்வந்தவள் சிரித்த முகத்துடன் சப்பாத்தைக் கழற்றினாள். அவளைப் பற்றிச் சொல்ல, ரெஃபரி என்று இரண்டு பேருடைய பெயர் கேட்டார்களாம். ஒருவர் விரிவுரையாளர், மற்றவர் வேலை கொடுத்தவராக இருக்க வேண்டும். நாகராஜனிடம் கேட்டாள். "என் பேரா? தாராளமாக் குடும்மா" என்று அவர் சொல்லிவிட்டார்.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் பிள்ளையின் வேலை ஏறக்குறைய வந்துவிட்டது, ஹோம்புஷ் முழுக்க வாய்கள் இருக்கின்றன என்பதுதான். அடுத்த நாளே கடைக்குப் போய் நாகராஜனைக் குசினிப் பக்கம் கூப்பிட்டேன்.

"தம்பி, இவள் வேலைக்குப் போட்டிருக்கிறாள். ஒருதருக்கும் மூச்சு விடக்கூடாது. ஆர் கேட்டாலும் இவளைப் பற்றி ஒண்டும் சொல்லாதேங்கோ. வெள்ளைக்காரரே வந்து கேட்டாலும் சொல்லாதேங்கோ."

கையெடுத்தும் கும்பிட்டேன். வெள்ளைக்காரரை ஏன் இழுத்தேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை. பேச்சுக்கு ஒரு பலம் வேண்டுமென்று வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன்.

"கவலையே படாதீங்கக்கா. என் பொண்டாட்டி விமலாட்டகூட சொல்ல மாட்டேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு லக்சிகாவின் போன் அடித்தது. நிறுவனத்திலிருந்து மோனிகா என்ற பெண். லக்சிகா கேட்டுக்கொண்டே கதிரையில் இருந்துவிட்டாள். பேசி முடித்து என்னைப் பார்த்தாள்.

"அம்மா, நாகராஜன் அங்கிள் என்னைத் தெரியவே தெரியாதாம். அப்பிடி ஒருத்தரும் தன்ர கடையில வேலை செய்யேல்லையாம். நான் பொய் எழுதினதாத்தான் அவை நினைக்கினம். இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள எக்ஸ்பிளெய்ன் பண்ணச் சொல்லீட்டினம்."

சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"நான்தான் பிள்ளை சொன்னனான். ஒருதருக்கும் சொல்லவேண்டாமெண்டு."

"அம்மா! ஆர் யூ சீரியஸ்? ரெஃபரியைப் போய் சைலன்ட் ஆக்கியிருக்கிறீங்கள்!"

அழப்போகிறாள் என்று நினைத்தேன். உதட்டைக் கடித்தபடி கார்த் திறப்பைத் தேடினாள். "ஏறுங்கோ. நீங்களே வந்து சொல்லுங்கோ."

வெள்ளிக்கிழமை மதியம் நாகராஜன் கடையில் நிற்க இடம் இருக்காது. வெள்ளியில் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் அங்கேதான். வரிசையைத் தாண்டி உள்ளே போனோம். அவர் என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்தார்.

"அக்கா, நீங்க சொன்ன மாதிரியே ஆச்சு! நேத்து ஒரு வெள்ளைக்காரம்மா போன் பண்ணுச்சு. லக்சிகா மகேந்திரராஜா உங்ககிட்ட வேலை பாக்குறாங்களான்னு. ஒரே வார்த்தை. அப்படி யாருமே இல்லைன்னுட்டேன். மூணு தடவ கேட்டுச்சு. அசையலையே நான்!"

"அங்கிள், அவதான் எனக்கு வேலை தரப்போறவ" என்றாள் லக்சிகா.

நாகராஜன் கரண்டியைக் கீழே வைத்தார். "ஐயையோ. பேரைக் குடுன்னப்ப சும்மா எழுதிக்குவாங்கன்னு நெனச்சேன். போன் பண்ணுவாங்கன்னு யாருமே சொல்லலையே." என் பக்கம் திரும்பினார். "நீங்க கும்பிட்டு வேற சொன்னீங்களேக்கா. வெள்ளைக்காரர் கேட்டாலும்னு!"

"ஓம் தம்பி. பிழை என்னிலதான்."

லக்சிகா மோனிகாவை அழைத்து, நடந்ததை ஆங்கிலத்தில் சொல்லி, போனை அவர் கையில் கொடுத்தாள். கை முழுவதும் மாவு. ஆகவே போனை ஸ்பீக்கரில் போட்டு, சாம்பார் வாளிகளுக்குப் பக்கத்தில் வைத்தார். வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அவர் மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். பிறகு மூச்சு விடாமல் சொல்லத் தொடங்கினார். போன மாரி மழையில் கடைக்குள் தண்ணீர் ஏறியபோது, பின் ஒழுங்கையின் வடிகால் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று லக்சிகா ஒரு பில் கடதாசியில் படம் கீறிக் காட்டியதையும், நகரசபைக்கு அவளே கடிதம் எழுதி அதைத் திருத்துவித்ததையும், அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராததையும். எனக்கு அது புதுச் செய்தி. வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாருடைய மகள்!

"இந்தப் படத்தைப் பற்றி நேர்முகத்தில் சொல்லவில்லையே" என்றது மோனிகாவின் குரல். கடைசியாக, "அவரை மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா?" என்று கேட்டாள்.

"நோ!" என்றார் நாகராஜன், கடை அதிர.

லக்சிகா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நோ மேடம். இனிமே அவ இங்க வந்தா சாப்பிட மட்டும்தான் வரணும். வேலைக்கு நீங்க எடுங்க!" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

மறுமுனையில் சிரிப்புக் கேட்டது. மேலாளருடன் கதைத்துவிட்டுத் திங்கட்கிழமை முடிவு சொல்வதாகச் சொல்லி மோனிகா போனை வைத்தாள்.

வரிசையின் முன்னுக்கு எங்கள் கோயில் சிவனேஸ்வரி நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஒரு விஷயம் தெரிந்தால் மெல்பேர்ன் வரை தெரிந்த மாதிரி. இட்லிப் பார்சலைக் கையில் பிடித்தபடி, "என்ன விசயம்? பிள்ளைக்கு வேலையோ?" என்றார்.

லக்சிகா என்னைப் பார்த்தாள். ஒன்றுமில்லை, சும்மா என்று சொல்லத்தான் என் வாய் போனது. அந்த நேரத்தில் என் கணவர் அங்கே நின்றிருந்தால் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியும். வரிசையில் நின்ற எல்லாருக்கும், வீட்டு இலக்கத்தோடு சேர்த்துச் சொல்லியிருப்பார்.

"ஓம் அக்கா" என்றேன். "என்ர மகள் எஞ்ஜினியர். எழுபத்திரண்டு இடத்துக்குப் போட்டவள். பரமட்டாவில ஒரு வேலை வாற மாதிரி இருக்கு. இன்னும் முடிவாகேல்லை. கிடைச்சாலும் கிடைக்காட்டிலும் திங்கட்கிழமை நானே எடுத்துச் சொல்லுறன்."

சிவனேஸ்வரி கண்ணை உருட்டினார். "என்னப்பா இது, முடிவாகாமல் ஆரும் சொல்லுவினமே? கண்ணூறு படப்போகுது. இனி ஒருதருக்கும் சொல்லாதேங்கோ."

நாகராஜன் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். லக்சிகாவும் சிரித்தாள். நானும்தான்.

திங்கட்கிழமை பதினொன்றேகாலுக்கு மோனிகா எடுத்தாள். வேலை கிடைத்தது. வாக்களித்தபடி சிவனேஸ்வரிக்கு எடுத்தேன். அவருக்குப் பத்து நிமிடம் முன்பே தெரிந்திருந்தது. லக்சிகா முதலில் நாகராஜனுக்குச் சொல்லியிருக்கிறாள். அவர் இந்த முறை யாரும் கேட்காமலே சொல்லியிருக்கிறார்.

அந்தக் கிழமை கடைக்குப் போனபோது கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வார இறுதி வேலைக்கு ஆள் தேவை. முன் அனுபவம் தேவையில்லை.

திரும்பும்போது லிட்கம் நிலையத்தில் இறங்கி, மேடையில் கொஞ்ச நேரம் நின்றேன். பக்கத்தில் ஒரு பெண் தள்ளுவண்டியில் குழந்தையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் சொன்னேன்.