நீர்க்க எதுவும் கூடாது

ஆம்புலன்ஸின் பின்கதவை மூடவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள் சந்திரிகா. உள்ளே ஸ்ட்ரெச்சரில் அவள் அப்பா சுந்தரமூர்த்தி, எதற்கு இந்த அமர்க்களம் என்பதுபோல மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கவாதம் அவருடைய பேச்சைக் கொண்டுபோய்விட்டது. பார்வையை மட்டும் விட்டுவைத்திருந்தது.

"மேடம், சலோ. பேப்பர் சப் பேக் மே ஹை," என்றான் டிரைவர்.

பேப்பர் பையில் இருப்பது அவளுக்குத் தெரியாதா என்ன? போன வருடம் அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து நர்சிங் ஹோமுக்கு மாற்றியபோதும் பேப்பர் பையில்தான் இருந்தது. பை கட்டிலுக்கு அடியில் இருந்தது. நோயாளிக்குச் சரியாக விழுங்க வராது என்று அதில் எழுதியிருந்ததைப் படிக்கத்தான் ஆளில்லை. சாயங்காலம் டீ வந்தது. ஆயா பிரியமாகத்தான் ஊட்டினாள். டீ வயிற்றுக்குப் போவதற்குப் பதில் நெஞ்சுக்குள் போயிற்று. அன்றிலிருந்து இருமி இருமி, நுரையீரலில் சளி கட்டி, அம்மா போய்ச் சேர்ந்தாள். யாரைத் திட்டுவது? எழுதியவர் ஒழுங்காக எழுதியிருந்தார், ஊட்டியவள் அன்பாக ஊட்டியிருந்தாள். நடுவில் வாயால் சொல்ல ஒருவர் இல்லை, அவ்வளவுதான்.

சூடு கண்ட பூனை அடுப்பண்டை போகாது. சந்திரிகா கதவை விடுவதாக இல்லை.

"வார்டு சிஸ்டர் அந்த நர்சிங் ஹோம்ல இருக்கிற சிஸ்டர்கிட்ட நேரா பேசட்டும். அப்புறம் வண்டி போவட்டும்," என்றாள் கணவனிடம்.

"எல்லாரும் பாக்குறாங்க, சந்திரி," என்றான் மனோஜ்.

"பாக்கட்டும். போன் போடு."

வார்டு சிஸ்டர் முணுமுணுத்துக்கொண்டேதான் படியிறங்கி வந்தாள். மனோஜின் மொபைலை வாங்கி, ஊரையே கூட்டும் குரலில் மராத்தியில் பேசினாள். தண்ணீர், டீ, பால் எதுவும் கூடாது. கூழ் பதத்தில்தான் தரவேண்டும். தலையை உயர்த்தி வைத்துச் சின்ன ஸ்பூனால் ஊட்டவேண்டும்.

"திருப்பிச் சொல்லச் சொல்லுங்க," என்றாள் சந்திரிகா, மராத்தியிலேயே.

சிஸ்டர் முறைத்தாள். ஆனாலும் கேட்டாள். போனின் மறுமுனையிலிருந்து நிதானமான ஒரு குரல் எல்லாவற்றையும் ஒப்பித்தது. "பாத்தள் காஹி நாஹி," என்று முடித்தது. நீர்க்க எதுவும் கூடாது. சந்திரிகா கதவை விட்டாள்.

அந்தக் குரல் வைஷாலி சிஸ்டருடையது. காசார்வாடியில், பழைய மும்பை ஹைவேயை ஒட்டி, கீழே லேத் பட்டறையும் மேலே நர்சிங் ஹோமுமாக இருந்த கட்டிடத்தில் அவள்தான் எல்லாம். வந்த அன்றே ஆயாக்களை வரிசையாக நிறுத்தி விஷயத்தைச் சொன்னாள். அவர்களும் ஒப்பித்தார்கள். சந்திரிகாவுக்கு அப்படியும் நம்பிக்கை வரவில்லை. தேஹு ரோடு டிப்போவில் வேலை முடிந்ததும் சிக்ஸ் சீட்டர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு வந்துவிடுவாள். அறைக்குள் யார் தம்ளரோடு நுழைந்தாலும் அவள் கழுத்து தானாகத் திரும்பும். அப்பாவோ கேழ்வரகுக் கூழை ரசித்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னொரு ஸ்பூன் எங்கே என்று கண்ணாலேயே அதட்டுவார்.

தசரா கழிந்ததும் பக்கவாதம் மறுபடி ஒரு அடி போட்டது. இந்தத் தடவை கண்ணும் மூடிக்கொண்டது. இனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், நிம்மதியாக இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். செய்தி கேட்டு அப்பாவின் அக்கா சரசா செம்பும் கையுமாக வந்து இறங்கினாள். செம்பில் என்ன இருக்கிறது என்று சந்திரிகா கேட்கவில்லை. அத்தை வந்துவிட்டாளே என்ற தைரியத்தில், ஆபீசுக்குப் போன் செய்யக் கீழே இருந்த எஸ்டிடி பூத்துக்குப் போனாள்.

ரிசீவரை வைக்கும்போது மேலே கூச்சல் கேட்டது. இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடினாள்.

அத்தையின் கையில் ஸ்பூன், ஸ்பூனில் பால். அது அப்பாவின் வாயருகே அந்தரத்தில் நின்றது. அத்தையின் மணிக்கட்டை வைஷாலி பிடித்திருந்தாள். இறுக்கவும் இல்லை, விடவும் இல்லை.

"மாவ்ஷி, பாத்தள் காஹி நாஹி."

"நான் அவன் கூடப் பொறந்தவடி! சாவப்போற புள்ளைக்கு ஒரு வாய் பால் ஊத்த வுடமாட்டேன்றாளே, இன்னா பொம்பளடி இவ!"

சந்திரிகா மூச்சு வாங்க உள்ளே வந்தாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தான் பக்கத்தில் இல்லாத நேரத்திலும் ஒருத்தி காவல் நின்றிருக்கிறாள். அந்த மணிக்கட்டைப் பிடித்த கைக்கு முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது.

"பால் ஊத்தாத அனுப்புனா நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?"

"அம்மா கடைசில இருமுனத நீ கேக்கல அத்தே," என்றாள் சந்திரிகா. "நான் கேட்டேன். அப்பாவும் அப்படிப் போவணுமா?"

அத்தையின் கை தாழ்ந்தது. பால் போர்வையில் சிந்தியது. போர்வையைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டே, "அதுக்காக நாக்கு வறண்டு போவணுமா?" என்றாள். இப்போது குரலில் சண்டை இல்லை.

வைஷாலிக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. பஞ்சைத் திரித்துப் பாலில் தோய்த்து, சொட்டாதபடி பிழிந்து, அத்தையிடம் கொடுத்தாள். தன் உதட்டில் விரலை ஓட்டிக் காட்டினாள்: இங்கே மட்டும்.

அத்தை தம்பியின் உதட்டைத் துடைத்தாள். "சுந்தரம், அக்காடா," என்றாள். உதடுகள் லேசாக ஒன்றையொன்று தொட்டு விலகின. மூன்று பெண்களும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். இருமல் வரவில்லை. மூச்சு நீளமாக ஒன்று வந்தது, இடைவெளி விட்டு இன்னொன்று வந்தது. அதற்கடுத்தது வரவில்லை.

வைஷாலி நாடி பார்த்துவிட்டுத் தலையை அசைத்தாள். அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். சந்திரிகாவுக்கோ அப்பாடா என்றிருந்தது. பெற்றவன் செத்ததற்கு அப்பாடா என்று நினைக்கலாமா? ஒரு வருடமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. அதன் பிறகுதான் அவளுக்கு அழுகையே வந்தது. நிறைய வந்தது.

மனோஜ் வந்து, பார்த்து, வண்டிக்குச் சொல்லப் போனான். வைஷாலி அப்பாவின் இமைகளை அழுத்தி மூடிவிட்டு வெளியே போனாள். அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டு செம்புக்குள் எட்டிப் பார்த்தாள். கால்வாசிகூடக் குறையவில்லை. ஒரு தம்ளரை எடுத்து நிறைய ஊற்றி நீட்டினாள்.

"குடி. காலைலேர்ந்து பச்சத்தண்ணி படாத கெடக்குற."

"இதையா, அத்தே?"

"பால்தான. குடி."

சந்திரிகா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து குடித்தாள். கடைசி மடக்கு இறங்கும்வரை அத்தை அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.