ஆரஞ்சு விளக்கும் காலடி மண்ணும்

ஆறு தடவை. அப்புறம் ஒரு நிறுத்தம். மறுபடியும் ஆறு. ஐந்தும் இல்லை, ஏழும் இல்லை. இது கண்டபடி மின்னவில்லை, எதையோ சொல்கிறது. இந்த வீட்டில் சத்தம் போடாமல் விஷயத்தைச் சொல்கிற ஒரே ஜீவன் இதுதான். அதைக் கேட்கத்தான் ஆளில்லை.

அறைவாசலில் நின்று இப்படி நினைத்துக்கொண்டிருந்தாள் ஹேமாவதி. ஏசியின் வெள்ளை முகத்தில் ஓரமாக அந்த ஆரஞ்சு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. குளிர் நின்று வெகுநேரமாகிவிட்டது. சித்திரை வெயிலில் மின்விசிறி சூட்டைத்தான் அள்ளி இறைத்தது. கட்டிலில் நாத்தனார் உமாதேவி கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றால் விசிறிக்கொண்டிருந்தாள்.

“பகல் பூராம் ஓட்டுனா எந்த மெஷினுதான் தாங்கும்?” என்றாள் மாமியார் பஞ்சம்மாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. இந்த வீட்டில் யாரையும் பார்க்காமல் சொல்லப்படுகிற பேச்செல்லாம் தனக்குத்தான் என்பது ஹேமாவதிக்கு, கல்யாணமாகி காமயகவுண்டன்பட்டிக்கு வந்த இந்த மூன்று வருஷத்தில் பழகிப்போயிருந்தது.

“நான் இந்த ரூமவிட்டுப் போயி ஒரு மாசமாச்சு அத்தை.”

“நான் உன்னயவா சொன்னேன்?”

ஹேமாவதி மறுபடி விளக்கைப் பார்த்தாள்.

சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு அவள் வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங் பார்க்கிறாள். எங்கோ அமெரிக்காவில் இருக்கிற ஆஸ்பத்திரிகளின் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் காயத்துக்கும் உரிய எண்ணைப் போட்டுத் தர வேண்டும். சூட்டில் லேப்டாப் அணைந்து அணைந்து போனதால் தன் சம்பளத்தில் அந்த ஏசியை வாங்கி இந்த அறையில் மாட்டினாள். பிரசவம் முடிந்து கம்பம் ஆஸ்பத்திரியிலிருந்து உமாதேவி பிள்ளையோடு வந்த அன்று, ஹேமாவதி குளித்துவிட்டு வருவதற்குள் அவளுடைய மேஜை கூடத்துக்கு வந்திருந்தது. கேட்டிருந்தால் அவளே தூக்கிவைத்திருப்பாள். பச்சைப் பிள்ளைக்கு இல்லாத குளிர்ச்சி அவளுக்கு எதற்கு? ஆனால் யாரும் கேட்கவில்லை. அந்த முள் இன்னும் உள்ளேதான் இருந்தது.

“மதினி ரூமவிட்டு எந்திரிச்சப்பவே எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு,” என்றாள் உமாதேவி, குழந்தையின் முதுகில் பூத்திருந்த வேர்க்குருவைத் தடவியபடி.

ஹேமாவதி கைப்பேசியை நீட்டினாள். ஏசி கம்பெனிக்காரன் போட்டிருந்த அட்டவணையை அதில் எடுத்துவைத்திருந்தாள். “இங்கன பாரு உமா. ஆறு தடவ மின்னுனா வெளி யூனிட்டு சூடாயிருச்சுன்னு அர்த்தம். அதுக்குக் காத்துப் போகல. மேல போயிப் பாக்கணும்.”

பஞ்சம்மாள் கைப்பேசியைப் பார்க்கவில்லை. “லைட்டு சொல்லுச்சாக்கும். நம்ம வீட்லயே குறிசொல்ற ஆளு இருக்குன்னு தெரியாமப் போச்சே. வெத்தல பாக்கு வச்சு, தொலஞ்சுபோன என் மூக்குத்தியக் கேட்டுருக்கலாம்.”

உமாதேவி சிரித்துவிட்டாள். அந்தக் குலுங்கலில் குழந்தை வீறிட்டது.

ஹேமாவதி கொல்லைப்படியில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். தரை செருப்பையும் மீறிச் சுட்டது. வெளி யூனிட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மூட்டைதான் இருந்தது. திராட்சைத் தோட்டத்துப் பறவை வலை, மடித்து மடித்துப் பல அடுக்காகச் சுற்றப்பட்டிருந்தது. அதற்கு மேலே பச்சை நிழல்வலை. சூட்டைத் தள்ளுகிற விசிறியின் வாயை அடைத்தாற்போல், பழம் ஏற்றுகிற பிளாஸ்டிக் பெட்டிகள் ஆளுயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. கயிற்றில் போட்டிருந்த முடிச்சைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பந்தல் கம்பியில் மாமனார் ராக்கையா போடுகிற முடிச்சு அது.

காய் கறுக்க ஆரம்பித்ததும் வௌவாலுக்கும் மைனாவுக்கும் முந்திக்கொண்டு வலை கட்டிய கை. பேரன் தூங்குகிற அறைக்கு மேலே புறா உட்கார்ந்து அனத்துகிறது என்று மகள் சொல்லியிருப்பாள். மறு பேச்சில்லாமல் ஏறிக் கட்டியிருப்பார். பாசத்தில்தான் கட்டியிருக்கிறார் என்று ஹேமாவதி தனக்குள் சொல்லிக்கொண்டாள். பாசத்தில் மூச்சை அடைத்தாலும் மூச்சு அடைத்துத்தானே போகும்?

மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த கணவன் விஜய்பாண்டியைக் கூப்பிட்டாள். அவன் மேலே வந்து, வலைக்குள் கையை விட்டு, உடனே இழுத்துக்கொண்டான்.

“தோசக்கல்லு மாதிரில கெடக்கு.”

“நான் சொன்னேன்ல.”

அவன் முடிச்சை அவிழ்த்தான். இருவரும் பெட்டிகளை அங்கிட்டு நகர்த்தினார்கள். கீழே போய் மெயின் சுவிட்சை அணைத்து, சூடு அடங்கட்டும் என்று காத்திருந்து, மறுபடி போட்டார்கள். ஆரஞ்சு விளக்கு மின்னவில்லை. கொஞ்ச நேரத்தில் அறையெல்லாம் குளிர்ந்தது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்த்தது.

“என்னடா கோளாறு?” என்று கேட்டாள் பஞ்சம்மாள்.

ஹேமாவதி கணவனின் வாயைப் பார்த்தாள். இதோ சொல்லப்போகிறான்.

“ஒண்ணுமில்லம்மா. சூடாயிருச்சு. ரொம்ப ஓடுனா அப்பிடித்தானாம்.”

“அதத்தான நானும் சொன்னேன். ஓட்டு ஓட்டுன்னு ஓட்டிட்டு.”

ஹேமாவதி கூடத்துக்கு வந்து லேப்டாப்பின் முன் உட்கார்ந்தாள். திரையில் யாரோ ஒருவனுடைய கை எலும்பு முறிவு. அவள் வேலையில் ஒரு விதி உண்டு. எலும்பு முறிந்தது என்று மட்டும் எழுதினால் ஆகாது. ஏணியிலிருந்து விழுந்தானா, மாடு முட்டியதா, காரணத்துக்கும் தனியாக ஓர் எண் போட வேண்டும். குதிரை கடித்ததற்கும் வாத்து கொத்தியதற்கும்கூடத் தனித்தனி எண் உண்டு. இந்த வீட்டுக்கு அந்தச் சிரமமே இல்லை. பால் திரிந்தாலும், தோட்டத்து மோட்டார் கருகினாலும், உமாதேவியின் மாப்பிள்ளை தேனியிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாலும், எல்லாவற்றுக்கும் காரணமாக ஒரே எண்தான், அவள். இரண்டாவது எண்ணைத் தேடக்கூட எல்லோருக்கும் சோம்பல். விஜய்பாண்டிக்கு அந்த இரண்டாவது எண் தெரியும். கையால் தொட்டுப் பார்த்தவன், தெரிந்தேதான் பழைய எண்ணைப் போட்டுவிட்டு வந்தான். அவள் தட்டச்சு செய்வதுபோல் பாவனை செய்தாள்.

பொழுது சாய ராக்கையா தோட்டத்திலிருந்து வந்தார். ஹேமாவதி தானாகவே போய்ச் சொன்னாள். “மாமா, மேல அந்த வலை வேணாம். அது உள்ள இருக்குற சூட்டை வெளிய தள்ளுற மெஷினு. மூடுனா நின்னுபோகுது.”

ராக்கையா கோபப்படவில்லை. அவர் சிரித்தார். “ஏத்தா, பொறந்ததுலருந்து வலை கட்டுறவன்ட்ட வந்து வலையில காத்துப் போகாதுங்கிறியே. பழத்துக்கே போகுது, மெஷினுக்குப் போகாதா?”

“பழத்துக்கு ஒரு சுத்து மாமா. இதுக்கு எத்தன சுத்து.”

“புறா சின்னச் சந்துலயும் நுழையும்த்தா,” என்றவர், மகனைப் பார்த்தார். “நீ என்னடா சொல்ற?”

விஜய்பாண்டி தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். “பாப்போம்ப்பா,” என்றான்.

ராக்கையா மாடிக்கு ஏறுகிற சத்தம் கேட்டது. இறங்கும்போது கைகளைத் தட்டிக்கொண்டே இறங்கினார்.

மறுநாள் உச்சி வெயிலில் ஏசி நின்றது. ஆறு தடவை, ஒரு நிறுத்தம், மறுபடி ஆறு. குழந்தையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு சிவந்து, அழுத அழுகையில் தொண்டை கம்மிவிட்டது. உமாதேவி தேனிக்குப் போன் போட்டு, “நீங்க வந்து எங்களக் கூட்டிட்டுப் போங்க. என்னால இங்கன இருக்க முடியாது,” என்று அழுதாள். ஹேமாவதி குழந்தையை வாங்கக் கை நீட்டினாள். உமாதேவி திரும்பிக்கொண்டாள். முந்தாநாள்வரை, “மதினி, கொஞ்சம் பிடிங்க” என்று தானே தூக்கித் தந்தவள்.

பஞ்சம்மாள் அடுப்படியிலிருந்து ஒரு தட்டோடு வந்தாள். தட்டில் கல்லுப்பு, கடுகு, வரமிளகாய். ஓரத்தில் மட்டும் காலி இடம்.

“ஆத்தா ஹேமா, நீ படிச்ச பிள்ள, கோவிச்சுக்கிறாத,” என்றாள். குரலில் வழக்கமில்லாத பதம். “கொல்லையில போயி வெறுங்கால்ல நாலு எட்டு நடந்துட்டு வா. உன் காலடியில ஒரு பிடி மண்ணு எடுத்துப் பிள்ளைக்குச் சுத்திப் போட்டுருவோம். முன்னெல்லாம் இதக் கேக்கவா செஞ்சோம்? நடந்துபோன தடத்துல எடுத்துக்கிருவோம், ஆளுக்கே தெரியாது. இப்ப வீடு பூராம் டைல்ஸு, வாசல் பூராம் சிமிட்டி. வெளிய கால வச்சா செருப்பு. மண்ணுக்கு எங்கிட்டுப் போக?”

முதலில் ஹேமாவதிக்குச் சிரிப்பு வரும்போல் இருந்தது. பிறகு அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

“அத்தை, மேல வலையக் கழத்துனா மெஷினு ஓடும். நேத்தும் அதான் ஓடுச்சு.”

“மெஷினு கெடக்கட்டும் ஆத்தா. பிள்ள அழுகுறது மெஷினுக்காகவா? ஒரு வீட்ல ஒருத்தி மடியில பிள்ள இருந்து, ஒருத்தி மடியில...” பஞ்சம்மாள் அங்கே நிறுத்திக்கொண்டாள். “நான் ஒண்ணும் சொல்லல. மனுசக் கண்ணு. நாம வேணும்னா வைக்கிறோம்?”

அவள் சொல்லாமல் விட்ட பாதி, சொன்ன பாதியைவிடத் தெளிவாகக் கேட்டது.

விஜய்பாண்டி அவளைக் கொல்லைவாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். சிமெண்டுப் படியில் அவள் செருப்பு கிடந்தது. படிக்குக் கீழே, பாத்திரம் கழுவின தண்ணீர் ஓடி, வாழையடி மண் ஈரமாக இருந்தது. கால் வைத்தால் தடம் நன்றாகப் பதியும்.

“ஹேமா, எனக்குத் தெரியும்,” என்றான் மெதுவாக. “வலைதான். உன் மேல ஒண்ணும் இல்ல. மாப்பிள வந்துக்கிட்டு இருக்காக. அவுக முன்னாடி, எங்கப்பாதான் பேரனப் புழுங்க வச்சாருன்னு சொல்லச் சொல்றியா? அவுக போகட்டும், நானே ஏறி வலையப் பிச்சுப் போடுறேன். இப்ப ஒரு பிடி மண்ணு. நடந்தா குறஞ்சா போயிருவ?”

எனக்குத் தெரியும் என்கிறான்.

அவன் கண் திருஷ்டியை நம்புகிறவனாக இருந்திருந்தால் மன்னித்திருக்கலாம் என்று நினைத்தாள். அத்தை நம்புகிறாள். பேரன்மேல் உயிரை வைத்திருக்கிறாள், பயப்படுகிறாள். அந்தப் பயத்தோடுகூட ஒரு வழியாகப் பேசலாம். மாமாவோ தான் அறிந்த வலையை நம்புகிறார். இவன் எதையும் நம்பவில்லை. எல்லாம் தெரிந்துகொண்டு, எது மலிவாகக் கிடைக்குமோ அதைக் கேட்கிறான். அந்த வீட்டிலேயே மலிவாகக் கிடைப்பது அவள் காலடி.

ஒரு பிடி மண்தானா? அதைப் பிள்ளையின் தலையைச் சுற்றி அடுப்பில் போடுவார்கள். மிளகாய் நெடி வராவிட்டால் கண் பட்டது உறுதி என்பார்கள். நெடி வந்தால் கண் கழிந்துவிட்டது என்பார்கள். எப்படியும் கண் அவளுடையதுதான். அது மாப்பிள்ளைக்குத் தெரியும், அடுத்த வீட்டுக்குத் தெரியும், டவுன் பஸ்ஸில் ஏறிக் கம்பம்வரை போகும். அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வாள். தாங்கமுடியாதது வேறொன்று. போன வாரம் குழந்தையைத் தோளில் போட்டபோது, அதன் உச்சந்தலையிலிருந்து வந்த பால்வாசனையை அவள் வெகுநேரம் முகர்ந்துகொண்டிருந்தாள். இன்றைக்கு இந்த ஈர மண்ணில் நாலு எட்டு வைத்துவிட்டால், இனி அந்தப் பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் அவளே தன் கண்ணைத் தாழ்த்திக்கொள்வாள். இந்தக் கண்ணால் பார்க்கலாமா என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். யார் பிள்ளையையும், நாளைக்கு ஒருவேளை தன் பிள்ளையையும்.

உள்ளே குழந்தையின் கம்மிய குரல். அதற்குப் பின்னால், யாரும் பார்க்காமல், அந்த விளக்கு இன்னும் எண்ணிச் சொல்லிக்கொண்டிருக்கும்.

“நடந்தாச்சா?” என்று உள்ளிருந்து கேட்டாள் பஞ்சம்மாள். “மாப்பிள வீரபாண்டி ஊரத் தாண்டிட்டாகளாம்.”

விஜய்பாண்டி தலையை அசைத்தான், இறங்கு என்பதுபோல.

படியிலிருந்து மண்ணுக்கு ஓர் எட்டுதான். ஹேமாவதி குனிந்து செருப்புகளை நேராக்கி, முதலில் வலது காலையும் பிறகு இடது காலையும் நுழைத்தாள். வாரைப் பின்னால் இழுத்து மாட்டினாள்.

“நான் நடக்கலங்க,” என்றாள். குரல் உயரவில்லை. பிறகு உள்ளே கேட்கும்படி, அதே குரலில், “இல்ல அத்தை, நான் மண்ணு தர மாட்டேன்,” என்று சொல்லிவிட்டு, செருப்புக் காலோடு அந்தச் சிமெண்டுப் படியிலேயே நின்றாள்.