நின்ற நோட்டு

ஐம்பத்திரண்டு வயதில் கார் ஓட்டப் படிக்கப் போனேன். அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. நாள் முழுக்க வாய் திறக்க வேண்டியதில்லை. ஒன்றைச் சொல்லலாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.

சொல்லிக் கொடுத்தவர் என்னைவிட இருபது வயது சின்னவர். நான் அவரை டீச்சர் என்பேன். அவர் என்னை சார் என்பார். அவருக்கு இரண்டு வழக்கங்கள். வண்டி நடுவழியில் அணைந்துபோனால் பதறிக்கொண்டு மறுபடி கிளப்பக் கூடாது. கைபிரேக்கை இழுத்துவிட்டு, நேரம், கியர், நின்ற இடம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிய பிறகுதான் சாவியைத் தொட வேண்டும். எழுதி முடிப்பதற்குள் படபடப்பு அடங்கிவிடுமாம். அதற்கு நின்ற நோட்டு என்று பெயர்.

இன்னொரு வழக்கம், வண்டி அணையும்போதெல்லாம் "தப்பு என் மேலதான் சார்" என்று சொல்வது. நான் அவர் வீட்டு கேட்டை உரசியபோதும் அதையேதான் சொன்னார். அதில் அவர் என்ன தப்பு செய்தார் என்று நான் வெகுநேரம் யோசித்தேன்.

முப்பத்தெட்டாவது தடவை வண்டி நின்றது சலவைக் கடைத் தெருவில். காலை பத்து பன்னிரண்டு. கைபிரேக்கை இழுத்தேன். நோட்டை மடியில் வைத்து, 'இரண்டாவது கியர், சலவைக் கடைக்கு' என்பது வரை எழுதியிருப்பேன். முன்னால் போன வேன்காரர் சலவைக் கடையைத் தாண்டிவிட்டது தெரிந்து ரிவர்ஸில் சரசரவென்று பின்னால் வந்தார். டமால். பேனா தாளைக் கிழித்துக்கொண்டு ஓரம்வரை ஓடியது.

டீச்சர் முதலில் பார்த்தது என் முகத்தைத்தான். "பதறாதீங்க சார். தப்பு என் மேலதான்."

ஜன்னல் கண்ணாடி இறக்கியிருந்தது. வேன்காரர் போனில் வீடியோ எடுத்தபடியே வந்துகொண்டிருந்தார். நான் கிழிந்த தாளையே பார்த்துக்கொண்டிருக்க, டீச்சர் இன்னொரு தடவையும் சொன்னார்.

"ஆங், இது போதும்!" என்றார் வேன்காரர். "சும்மா நின்ன வண்டிய பின்னாலேருந்து வந்து இடிச்சிட்டு!"

"அண்ணே, நின்னுட்டிருந்தது நாங்க. ரிவர்ஸ்ல வந்தது நீங்க."

"யாரு நம்புவா? உங்க வண்டிக்கு மூக்கு போயிருக்கு, என் வண்டிக்கு முதுகு போயிருக்கு. அதுவும் போர்டு போட்ட பழகுற வண்டி!"

தெருவில் வேறு யாரும் இல்லை. பழகுகிற வண்டிக்குப் பொறுப்பு சொல்லிக் கொடுப்பவர்தான். தப்பு அவர் பக்கம் என்று முடிவானால் சொல்லிக் கொடுக்கும் உரிமம் போய்விடும். அவரிடம் இருந்தது ஒரே கார், மூன்று மாதம் முன்னால் மாட்டிய பெயர்ப்பலகை.

வக்கீலான என் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அடி ஏதும் பட்டுச்சாடா?"

"இல்லக்கா."

"எதுக்கும் ரெண்டு பேரும் டாக்டர்கிட்ட காட்டிடுங்க. வண்டிய நகத்தாத. முதல்ல போட்டோ எடு. வெளிய, உள்ள, டயரு, உடைஞ்ச துண்டு, எல்லாம். வேன் நம்பர், அந்தாளு லைசன்ஸ், இன்சூரன்ஸ் பேப்பர். போலீஸுக்கு நீங்களே சொல்லுங்க. தப்பு யாரு மேலன்னு மட்டும் யாரும் பேச வேணாம்."

"டீச்சர் பேசிட்டாங்க."

"என்னன்னு?"

"தப்பு என் மேலதான்னு. ரெண்டு தடவ. வீடியோவுல இருக்கு."

அக்கா பேசவில்லை. எங்கள் வீட்டில் மௌனம் என் சொத்து. அது அக்காவிடமிருந்து வந்ததும் போனில் சிக்னல் போய்விட்டதா என்று பார்த்தேன்.

"வாயத் திறக்காதவன் நீ ஒருத்தன் இருக்கியே, வீடியோவுல நீ நின்னிருக்கக் கூடாதா?" என்றாள் கடைசியில்.

சாயங்காலம் அவள் மேஜையில் நோட்டை விரித்து வைத்தேன். பாதியில் நின்ற வாக்கியத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கை அரித்தது. 'நேராக' என்று ஒரு வார்த்தை போட்டால் முடிந்துவிடும்.

"ஒரு புள்ளி வெச்ச, தொலைச்சிடுவேன்" என்று நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து இன்சூரன்ஸிலிருந்து விசாரணைக்காரர் வந்தார். கிழிந்த தாளைத் தடவிப் பார்த்தார். போட்டோவில் கைபிரேக் தூக்கியிருந்ததைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இதெல்லாம் சரி மேடம். ஆனா இந்தம்மாவே ஒத்துக்கிட்டாங்களே."

"அது தொழில் பழக்கம் சார். எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்வாங்க."

"மாட்டினவங்க எல்லாரும் பழக்கம்னுதான் சொல்றாங்க. வாங்க, இடத்தப் பாப்போம்."

முன்பக்கத்தைக் கயிற்றால் கட்டியிருந்த காரில் கிளம்பினோம். ஓட்டியது நான். பின்னால் விசாரணைக்காரரும் அக்காவும். ஏறும்போதே அக்கா டீச்சரின் காதில் சொன்னாள்: "அவர் இறங்கற வரைக்கும் நீங்க மூச்சு விடக் கூடாது." டீச்சர் உதட்டை மடித்துக்கொண்டு தலையாட்டினார்.

சலவைக் கடைத் தெருவுக்குத் திரும்பும் இடத்தில் வண்டி உதறிக்கொண்டு நின்றது.

நான் மௌனங்களோடு வாழ்ந்தவன். பக்கத்து சீட்டில் இருந்த மௌனம் பொங்கப் போகிற பால். கண்ணாடியில் அக்கா வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். கைபிரேக்கை இழுத்தேன். அக்கா நோட்டை நீட்டினாள். புதுப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். எழுத்து கோணலாகப் போனது. அதை டீச்சர் பார்த்துவிட்டார்.

"பதறாதீங்க சார். தப்பு என் மேலதான். நான்தான் கிளட்ச்ச சட்டுனு விடச் சொல்லிட்டேன்."

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"என்னம்மா இது?" என்றார் விசாரணைக்காரர். "ஏறினதிலேருந்து நீங்க ஒரு வார்த்தை பேசலையே! கிளட்ச்ச விடச் சொன்னது எப்ப?"

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். விசாரணைக்காரருக்குச் சிரிப்பு வந்து, அடக்கப் பார்த்து, முடியாமல் குலுங்கினார். கார் மொத்தமும் குலுங்கியது.

"இது எத்தனாவது சார்?"

"முப்பத்தொம்பது."

"எல்லாத்துக்கும் இப்படித்தானா?"

"கேட்டுக்கும்" என்றேன். நான் கொடுத்த சாட்சியம் அவ்வளவுதான்.

அவர் நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் படித்தார். பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள். "இருய்யா, இன்னும் எழுதி முடிக்கல" என்றார் அவர்.

பத்து நாளில் அறிக்கை வந்தது. நின்றிருந்தது எங்கள் வண்டி. பின்னோக்கி வந்து இடித்தது வேன். டீச்சரின் உரிமத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த பாடத்தில், கடைத்தெரு முனையில், நாற்பதாவது தடவையாக வண்டியை அணைத்தேன். டீச்சர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். போன் பிடித்த கை ஏதும் தெரியவில்லை. தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினார். என் பக்கத்துக் கண்ணாடியையும் ஏற்றச் சொல்லிக் கை காட்டினார்.

ஏற்றினேன்.

"தப்பு என் மேலதான் சார்" என்றார்.