ஒச்சாயி தோண்டிய தாடை

ஒச்சாயியை முன்கோபி என்று சொன்னவர்கள் உண்டு, வாய்க்காரி என்று சொன்னவர்கள் ஏராளம். அதற்கெல்லாம் அவள் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. ஆனால் கள்ளி என்று அவளை யாரும் சொன்னதில்லை. அப்படிப்பட்டவளைப் பார்த்து, எலும்பு மூட்டையில் கல்லைக் கலந்துவிட்டாள் என்று சொல்லிவிட்டார் சேக் மைதீன் ராவுத்தர்.

ராவுத்தர் எலும்புக் குத்தகைக்காரர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷத்தில் பேரையூர்ப் பக்கத்துக் காடு மேடுகளில் கிடந்த எலும்பு அத்தனையும் அவருக்குத்தான் சொந்தம். செத்த மாட்டை நாயும் கழுகும் தின்று தீர்த்தபிறகு ஒச்சாயி மாதிரி நிலமில்லாத கூலிக்காரர்கள் எலும்பைப் பொறுக்கிச் சாக்கில் கட்டுவார்கள். வண்டி வந்து ஏற்றிக்கொண்டு திருப்பரங்குன்றம் ஸ்டேஷன் பக்கத்திலிருக்கும் ராவுத்தரின் சரக்குக் கிட்டங்கிக்குப் போகும். அங்கிருந்து ரயிலில் உர ஆலைக்கு. மழை பொய்த்த வருஷங்களில் ஒச்சாயி வீட்டில் உலை கொதித்தது இந்தப் பொறுக்கலால்தான்.

வம்புக்குக் காரணமான துண்டு ஓடைக்கரைச் சரிவில் கிடந்தது. கருஞ்சிவப்பு நிறம், அம்மிக் கனம். மண் அப்பிக் கிடப்பது கல்லா எலும்பா என்று சந்தேகம் வந்தால் பொறுக்குகிறவர்கள் நாக்கு நுனியை வைத்துப் பார்ப்பார்கள். கல் வழுக்கும், எலும்பு பிடித்துக்கொள்ளும். அந்தத் துண்டு அவள் நாக்கைக் கவ்விப் பிடித்தது. சாக்கில் போட்டாள். ஆலையில் அது அரவை எந்திரத்தின் பல்லை உடைத்துத் தொலைத்தது. இனி ஒச்சாயி கட்டுகிற சாக்கு வேண்டாம் என்று வண்டிக்காரனிடம் சொல்லி அனுப்பிவிட்டார் ராவுத்தர்.

"கல்லாமில்ல கல்லு!" என்று புருஷன் சோணைமுத்துவிடம் பொரிந்தாள். "அதோட தலையவே கொண்டுபோயி மொதலாளி முன்னால போடுறேன். தலையுள்ள கல்ல எங்கிட்டாச்சும் பாத்திருக்காரான்னு கேக்குறேன்."

"எதோட தலைய? நம்ம ஓடையில யான எதுவும் செத்துக் கெடக்கா?"

"யானையோ, அதுக்கு அப்பனோ. கடப்பாரைய எடு."

சோணைமுத்து எடுத்துக் கொடுத்தான். கூடப் போகவில்லை, அவனுக்குப் பருத்திக் காட்டில் வேலை இருந்தது, சிரிப்பும் இருந்தது.

துண்டு கிடைத்த ஓடைக்கரைச் சரிவில் முதல் மூன்று நாள் வெறும் மண். நாலாம் நாள் வண்டிச் சக்கரம் அளவுக்கு வளைந்த விலா எலும்பு ஒன்று தட்டுப்பட்டது. அடுத்தடுத்து முதுகெலும்புக் கணுக்கள், ஒவ்வொன்றும் அடுப்புக்கல் பெரிசு. வாலிலிருந்து காலால் அளந்து பார்த்தாள். பதினாறு எட்டு வைத்தும் கழுத்து வரவில்லை. அன்றைக்கே ராவுத்தர் மேலிருந்த கோபம் பாதி மறந்துபோயிற்று. இது என்ன தின்றிருக்கும், எந்தக் கண்மாயில் தண்ணீர் குடித்திருக்கும், கத்தினால் எத்தனை ஊருக்குக் கேட்டிருக்கும் என்பதுதான் சோறு தின்னும்போதும் அவள் நினைப்பு.

ஒன்பதாம் நாள் கீழ்த்தாடையின் ஒரு பக்கம் வெளியே வந்தது. ரெண்டு முழ நீளம். மாட்டுப் பல் அரைப்பதற்குத் தட்டையாக இருக்கும், நாய்ப் பல் கிழிப்பதற்குக் கூராக இருக்கும் என்பது ஒச்சாயிக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்தத் தாடையில் இருந்த அத்தனையும் கூர்ப்பல். ஒவ்வொன்றும் அரிவாள் நுனி மாதிரி உள்வளைந்து முக்கால் சாண் இருந்தது.

"ஆத்தாடி!" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பட்டப்பகலில், செத்து மண்ணாகிப் போன ஒன்றைப் பார்த்துப் பயந்தாள். பயத்தோடு சந்தோஷமும் பொங்கியது. அந்த ஊரில் அவள் தலை குனிந்து ஒதுங்கி நிற்க வேண்டிய ஆட்கள் நிறைய. அத்தனை பேரும் இதை உயிரோடு கண்டிருந்தால் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள்.

எலும்பு வண்டியிலேயே தாடையை ஏற்றி, தானும் ஏறிக் கிட்டங்கிக்கு வந்தாள். அன்றைக்கு ஆலையின் ஏஜெண்டும் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கல்லுன்னு சொன்னீகளே மொதலாளி, இந்தா அதோட வாயி" என்று இறக்கி வைத்தாள். "நாக்க வச்சுப் பாருங்க."

"தவ்பா, தவ்பா! என்ன பேச்சு பேசுற நீ?" என்று ராவுத்தர் பின்வாங்கினார்.

"என்னயக் கள்ளின்னு சொன்ன நாக்குதான? வச்சுப் பாருங்க."

ராவுத்தர் அவளைப் பார்த்தார், தாடையைப் பார்த்தார். துண்டால் ஒரு மூலையை அழுத்தித் துடைத்துவிட்டுக் குனிந்து நாக்கை வைத்தார். எடுக்க வரவில்லை. நிமிர்ந்தபோது அவர் முகமே மாறியிருந்தது.

"எலும்புதேன். தப்பு எம்மேலதான் ஒச்சாயி" என்றார். "மெட்ராஸ் மியூசியத்துல, அதேன் செத்த காலேஜும்பாகளே, அங்க இந்த மாதிரி கல்லாப் போன எலும்ப வச்சிருக்கான். மனுசன் பொறக்குறதுக்கு முந்தி இருந்த மிருகமாம். இது பூராவுமா கெடக்கு அங்க?"

"பூராவும் கெடக்கு" என்றாள் பெருமையாக.

ஏஜெண்டு எழுந்து வந்து காலால் தாடையைத் தட்டிப் பார்த்தார். "எம்புட்டுக் கனம்! ரெண்டு வண்டி தேறும்போலயே. எலும்புன்னா ஆலைக்குத்தான் ராவுத்தரே, ஒப்பந்தம் இருக்குல்ல. இங்கயே சம்மட்டியால உடைச்சு மூட்டை கட்டுங்க. மிச்சத்துக்கு நாளைக்கு ஆள் அனுப்புங்க."

கூலியாள் ஒருவன் சம்மட்டியை எடுத்து வந்தான். ராவுத்தரால் தடுக்க முடியவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர்.

ஒச்சாயி ஒன்பது நாள் வெயிலில் வெந்தது எதற்கு? எலும்புதான் என்று இவர்கள் வாயால் சொல்ல வைப்பதற்கு. சொல்லிவிட்டார்கள், சொன்ன மறுநிமிஷம் அது குத்தகைக்காரருக்குச் சொந்தமாகிவிட்டது. அவள் தாடைக்கும் சம்மட்டிக்கும் நடுவில் போய் நின்றாள்.

"கல்லு" என்றாள்.

"என்னது?"

"இது கல்லு. போன தடவை போட்டதும் கல்லுதேன். கனத்துக்காக நாந்தேன் சேத்தேன்."

"அப்ப கலப்படம் பண்ணது நீதான்?" என்று ஏஜெண்டு பாய்ந்தார்.

"நாந்தேன்." நின்ற இடத்தை விட்டு அவள் நகரவில்லை.

ராவுத்தர் சம்மட்டிக்காரனைக் கையமர்த்தினார். "கல்லுதான் ஏஜெண்டு சார்" என்றார். "அவசரத்துல நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். ஏ ஒச்சாயி, இனிமே நீ எலும்பு பொறுக்க வேணாம். வண்டியிலயும் ஏறாத. உங் கல்லத் தூக்கிட்டுக் கெளம்பு."

ஏஜெண்டு முணுமுணுத்துக்கொண்டே நாற்காலிக்குத் திரும்பினார். ஒச்சாயி சேலைத் தலைப்பைச் சும்மாடாகச் சுருட்டி வைத்துக்கொண்டாள். தாடையின் ஒரு முனையை ராவுத்தரே பிடித்து அவள் தலையில் ஏற்றினார். "இருபத்தஞ்சு மைல் இருக்கே, எப்படிப் போவ?" என்றார் மெதுவாக.

"நடந்துதேன். மேத்தாடை இன்னும் மண்ணுக்குள்ள கெடக்கு மொதலாளி, நாளன்னைக்கு அதத் தோண்டணும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.