தோலும் தகடும்

கடலோர ஊரான ஷிமோனியில் ஃபாகியின் தூண்டிலை விழுங்கிய மார்லின் மீன் ஒன்பது வருஷமாகியும் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. முதல் மூன்று நாள் ஃபாகி படகின் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மல்லுக்கட்டினான். டீசல் தீர்ந்ததும் படகைக் கரைக்கு இழுத்து வந்து, அவனை நாற்காலியோடு தூக்கி அவன் வீட்டு மாமரத்தடியில் இறக்கி வைத்தார்கள். தூண்டில் கோலும் நூல் சுற்றும் ரீலும் மடியில் இருந்தன, நூல் கடலுக்குள் போனது. வழியில் கடைத்தெரு இருந்ததால் பள்ளிவாசல் மூலையில் லாரி போக வசதியாக ஒரு மூங்கிலை முட்டுக் கொடுத்து நூலை உயர்த்தினார்கள். ஆடுகள் குனிந்து போகப் பழகிவிட்டன. வெளியூர்க்காரர்கள்தான் கழுத்தில் சிராய்ப்போடு திரும்பினார்கள்.

இடையில் யாராவது கோலை வாங்கிக்கொண்டிருக்கலாமே என்றால் முடியாது. மீன் கவ்விய பிறகு இன்னொருவர் கை கோலிலோ ரீலிலோ நூலிலோ பட்டால் அந்த மீன் கணக்கில் சேராது என்பது மீன்பிடி கிளப்பின் சட்டம். கிளப்பை மூடிப் பல காலமாகிவிட்டது, கூரைத் தகரத்தைக்கூட ஆளுக்கொன்றாகக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சட்டம் மட்டும் ஃபாகியிடம் பத்திரமாக இருந்தது.

அவன் மனைவி சோமோயே. கல்யாணமான நாலாம் மாதம் அவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். படகுக்காரர்களின் ரீல்களைப் பிரித்து, உப்பு போகக் கழுவி, திரும்ப மாட்டிக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. மாலையில் சோளமாவில் கிளறிய உகாலியை உருட்டித் தேங்காய்ப்பால் விட்ட அவரைக்குழம்பில் தோய்த்து அவன் வாயில் ஊட்டுவாள். பொரித்த மீன் விற்கும் மேசா போகிறபோக்கில் சீண்டுவாள்: "ஏண்டி, நீ கட்டிக்கிட்டது மனுசனையா, நாற்காலியையா?"

"நாற்காலியா இருந்தா நானாவது ஏறி உக்காந்திருப்பேன், போடி!"

சிரிப்பாள். உள்ளே போனதும் சிரிப்பு போய்விடும். அவளுக்கு ஒரு பிள்ளை வேண்டும், வயதோ நாற்பதை நெருங்கிவிட்டது. சக்களத்தியை வெறுப்பதுபோல் அந்த மீனை வெறுத்தாள்.

ஒன்பதாம் வருஷம் வடகாற்றுக் காலத்தில் ரீலின் பிடி விட்டுப்போனது. உள்ளே தோல் வளையமும் உலோகத் தகடும் மாறி மாறி அடுக்கியிருக்கும். மேலே நட்சத்திரத் திருகை முடுக்கினால் இரண்டும் கவ்விக்கொண்டு, மீன் இழுக்க இழுக்க நூலை அளவாக விட்டுக்கொடுக்கும். தோல் தேய்ந்தால் நூல் இஷ்டத்துக்கு ஓடும். அந்தச் சத்தத்தை வைத்தே சோமோயே ஃபாகிக்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டாள், ஆனால் வாயைத் திறக்கவில்லை. நூல் தீர்ந்தால் உருளையில் கட்டிய முடிச்சு உருவிக்கொண்டு மீன் போய்விடும், புருஷன் எழுந்து வீட்டுக்குள் வருவான்.

நூலுக்கடியில் உருளையின் பித்தளை தெரிந்த அன்றைக்கு ஃபாகி அழுதான். தகப்பன் செத்ததற்கே அழாதவன்.

"நீ ஒண்ணையும் தொட வேணாம் சோமோயே. வாயால சொல்லு போதும், நானே மாட்டிக்கிறேன்."

"சரி, சொல்றேன். அழாதீங்க," என்றாள். தப்பாகச் சொல்வதென்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டாள். நடுவில் ஒரு தோலை விட்டுவிட்டுத் தகட்டின்மேல் தகடு வைத்தால் பிடியே இருக்காது, மிச்ச நூலும் ஒரே ஓட்டமாக ஓடிவிடும். ஆட்டுத்தோலில் புது வளையங்கள் வெட்டி எண்ணெயில் ஊறவைத்தாள். ரீலுக்குள் போகும்வரை அது வெறும் தோல்தானே, அவள் தொடலாம் என்று இருவரும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்கள்.

ஃபாகி நூலைத் தன் கெண்டைக்காலில் சுற்றிக்கொண்டு ரீலின் பக்கத்தட்டைக் கழற்றினான். மீன் இழுப்பதை நிறுத்திக் காத்திருந்தது. மரியாதைக்காகவோ என்னவோ அலையும் நின்றது, பாய்மரப் படகுகள் இருந்த இடத்திலேயே நின்றன. யாரும் குறை சொல்லவில்லை.

"தோலு," என்றாள். வைத்தான். "தகடு." வைத்தான். "தோலு." வைத்தான். "தகடு." வைத்தான். அடுத்ததில்தான் பொய் சொல்ல வேண்டும். அவள் வாயைத் திறப்பதற்குள், ஒன்பது வருஷம் கோலைப் பிடித்து மரத்துப்போன அவன் விரல்கள் தாமாகவே இன்னொரு தகட்டை எடுத்துத் தகட்டின்மேல் வைத்துவிட்டன. பொய்யே தேவைப்படவில்லை. அவள் சும்மா இருந்தால் போதும்.

"ஐயோ, அது இல்லீங்க! தோலு, தோலு முதல்ல!"

சொன்னது தன் வாய்தான் என்று அவளுக்குப் புரிந்தபோது அவன் தகட்டை எடுத்துவிட்டுத் தோலை வைத்திருந்தான். எத்தனையோ ரீல்களைச் சரியாகவே மாட்டிய பழக்கம், அவளைக் கேட்காமலே பேசிவிட்டது. மீதியையும் அவள் சரியாகவே சொன்னாள்.

பக்கத்தட்டை மூடி, திருகை முடுக்கி, காலிலிருந்து நூலை அவிழ்த்தான். மீன் இழுத்தது. ரீல் திக்காமல், திணறாமல், அளவாக விட்டுக்கொடுத்தது. இருட்டுவதற்குள் போன நூலில் பாதியைத் திரும்பச் சுற்றிவிட்டான்.

"இனிமே நமக்குக் கவலையே இல்ல," என்று சிரித்தான். கல்யாணத்தன்று சிரித்த அதே சிரிப்பு. சோமோயே அடுப்படிக்குப் போய் உகாலி கிளறிக்கொண்டே அழுதாள். மாவு கட்டி தட்டிவிட்டது. அவன் அதையும் ருசித்துச் சாப்பிட்டான்.

மறுநாள் சந்தையில் இன்னொரு ஆட்டுத்தோல் வாங்கிவந்து, அடுத்த முறைக்கான வளையங்களை இப்போதே வெட்டி எண்ணெயில் போட்டு மூடி வைத்தாள். அவை தேவைப்படும்போது தனக்கு ஐம்பது வயதாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு மேசாவின் மகளுக்குப் பிறந்த குழந்தையைப் பார்க்கக் கிளம்பினாள்.