ஏழு தேவாலயங்களில் ஒரே கை

லியூப்லியானாவிலிருந்து தொலைபேசி வந்தபோது தாட்சாயினி மொன்றியலில் மெற்றோ ரயிலுக்குப் படியிறங்கிக்கொண்டிருந்தாள். பேசியவள் ஸ்லோவேனியாவில் பழைய சுவரோவியங்களைச் சுத்தம் செய்யும் குழுவின் தலைவி.

"சுண்ணாம்பை எடுத்துவிட்டோம். கீழே ஓவியனின் பெயர் இருக்கிறது. படம் அனுப்பியிருக்கிறேன்" என்றாள். குரலில் கொஞ்சமும் மகிழ்ச்சி இல்லை.

தாட்சாயினி அங்கேயே நின்று படத்தைத் திறந்தாள். ஒரு புனிதரின் காலடியில் கறுப்பு எழுத்தில் ஒரு பெயர், அதன் பக்கத்தில் ஓர் ஊர். இரண்டும் இத்தாலியப் பெயர்கள். ஆட்கள் இடித்துக்கொண்டு இறங்கினார்கள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

லுட்விக் பிரெஸ்னிக் என்ற பெயரைக் கலை வரலாறு படித்தவர்கள் எல்லாரும் அறிவார்கள். ஸ்லோவேனிய மலைக்கிராமம் ஒன்றில் பிறந்து, இளவயதிலேயே மொன்றியலுக்கு வந்து பேராசிரியரானவர். அவருடைய ஊர்ப்பக்கத்துச் சிறிய தேவாலயங்களில் இருந்த பழைய ஓவியங்களை, பிழைப்புத் தேடி வந்த வெளியூர்க்காரர்கள் தீட்டியவை என்று அதுவரை எல்லாரும் தள்ளிவைத்திருந்தார்கள். பிரெஸ்னிக் ஏழு தேவாலயங்களின் சுவர்களையும் வருடக்கணக்காகப் பார்த்தார். விரல்கள் வளையும் விதம், கண்ணிமைக்கு மேல் இழுத்த கறுப்புக் கோடு. இவை எல்லாம் ஒரே ஆளின் கை, அந்த ஆள் எங்கள் மலையில் பிறந்தவன் என்று எழுதினார். சின்ன ஊருக்கும் சொந்தக் கண் உண்டு என்ற அவருடைய அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு, உலகத்தின் எத்தனையோ மூலைகளில் ஆட்கள் தங்கள் ஊர்ச் சுவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுந்து அழிந்துபோன ஒரு கோயிலின் ஓவியங்களைப் பழைய புகைப்படங்களை வைத்து ஆராய்ந்த தாட்சாயினியும் அவர்களில் ஒருத்தி. பிறகு அதே பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்து, பதினைந்து வருடம் அவருக்குப் பக்கத்து அறையில் இருந்தாள்.

ஏழாவது தேவாலயத்தில் பாதி ஓவியத்தை மூடியிருந்த சுண்ணாம்பை உரிக்கவேண்டும் என்று ஓயாமல் கேட்டவரும் பிரெஸ்னிக்தான். கீழே தன் ஓவியன் தெளிவாகத் தெரிவான் என்று அவர் நம்பினார். இப்போது மொன்றியலின் அஹுன்ட்சிக் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில், மூக்கில் ஒட்சிசன் குழாயோடு, அதற்காகத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். தாட்சாயினி போகும்போதெல்லாம் அவர் கேட்பது ஒன்றுதான். "உரித்துவிட்டார்களா?"

வீட்டுக்கு வந்தவள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கணவன் வசீகரனிடம் படத்தைக் காட்டினாள்.

"ஏனப்பா இதை இப்ப சொல்லவேணும்? மனுசன் நிம்மதியாப் போகட்டும்" என்றான் அவன்.

"ஒவ்வொரு நாளும் கேக்கிறார். நான் என்னத்தைச் சொல்லுறது?"

"இன்னும் முடியேல்லை எண்டு சொல்லும்."

"வெள்ளிக்கிழமை அங்கத்தைப் பேப்பரில வருகுது. ஆரோ ஒருத்தர் அவருக்குப் போன் எடுத்துச் சொல்லத்தான் போகினம். நான் மறைச்சனான் எண்டு தெரிஞ்சுகொண்டு சாகவேணுமே?"

வசீகரன் படத்தை மறுபடி பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். "உம்மடை கோயில் புத்தகமும் அவரின்ரை வழியில எழுதினதுதானே?"

அந்தக் கேள்வி மெற்றோப் படியிலேயே அவளைப் பிடித்துவிட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரி நடையில் பிரெஸ்னிக்கின் மனைவி ஸ்டாங்கா எதிர்ப்பட்டாள். தாட்சாயினியின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. படத்தைப் பார்த்துவிட்டு தாட்சாயினியின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"சொல்லாதே" என்றாள் பிரெஞ்சில். "எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த ஓவியன்தான் எங்கள் வீட்டில் வளர்ந்தான். எங்களோடு சாப்பிட்டான், எங்களோடு சண்டை பிடித்தான். கும்பிட்டுக் கேட்கிறேன், அவனைக் கொன்றுவிடாதே."

"சொல்லமாட்டேன்" என்றாள் தாட்சாயினி. அந்த நேரத்தில் அதை அவள் உண்மையாகவே சொன்னாள்.

பிரெஸ்னிக் தலையணையில் சாய்ந்திருந்தார். அன்று அவர் கேள்வி கேட்கவில்லை.

"உரித்துவிட்டார்கள்" என்றார்.

"இன்னும் இல்லை, கொஞ்சம்..."

"தாட்சா, முகங்களைப் பார்த்துத்தான் நான் இவ்வளவு காலமும் பிழைத்தேன். என்னிடம் முகத்தை மறைக்கப் பார்க்காதே." கையை நீட்டினார். அது கீழே இறங்கவில்லை.

வாசலில் ஸ்டாங்கா தலையை ஆட்டி ஆட்டி வேண்டாம் என்றாள். தாட்சாயினி தொலைபேசியை அவர் கையில் வைத்தாள்.

எழுத்தைப் படித்ததும் அவர் முகம் சிவந்தது. "பொய்! பிறகு வந்த எவனோ எழுதியது. ஓவியத்தைத் திருத்த வந்தவன் தன் பெயரைப் போட்டிருக்கிறான். நடக்கிற விஷயம்தானே? சொல்லேன்!" மூச்சு வாங்கியது. தாதி ஓடிவந்து குழாயைச் சரிசெய்தாள். அவர் அவளைத் தள்ளிவிட்டு, படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். புனிதரின் விரல்கள், கண்ணிமை, காலடியில் அங்கியின் கறுப்புக் கோடு அந்த ஆளின் பெயருக்குள் இறங்கி முதல் எழுத்தாக வளைகிற இடம். அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

நெடுநேரம் பார்த்தார்.

"அவன்தான்" என்றார் கடைசியில். "ஒரே கை. கோடும் எழுத்தும் ஒரே தூரிகை." அவர் கண்களிலிருந்து நீர் வழிந்து குழாயில் இறங்கியது. "எங்களவன் இல்லை."

இத்தாலிக்காரன்தான் என்று நிரூபிக்க வேறு யாராவது ஒரு வருடம் எடுத்திருப்பார்கள். அவர் தன் கண்ணாலேயே தன் வாழ்க்கையை வெட்டினார். தாட்சாயினி அவர் கையைப் பிடித்தாள். அவர் கையை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அதன்பிறகு அவளோடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. வெள்ளிக்கிழமைக்கு முன்பே இறந்துபோனார்.

"நீதான் கொன்றாய்" என்று மட்டும் சொன்னாள் ஸ்டாங்கா. அடக்கத்தின்போது தாட்சாயினி தேவாலயத்தின் கடைசி வரிசையில் நின்றுவிட்டு வெளியேறினாள்.

அவர் பெருமைக்காக அவள் தொகுத்த கட்டுரை மலர் அச்சுக்குப் போகக் காத்திருந்தது. முன்னுரையைக் கிழித்துப்போட்டு மறுபடி எழுதினாள். அவர் எங்கே தவறினார் என்று எழுதினாள். அதை முதலில் உறுதிசெய்தவரும் அவரே என்றும் எழுதினாள். அவரை நம்பி எழுதிய தன் புத்தகத்தையும் இனி முதலிலிருந்து சோதிக்கவேண்டும் என்று எழுதினாள். கடல் தாண்டி வந்த யாரோ ஒருவன்தான் யாழ்ப்பாணத்து அந்தக் கோயிலையும் தீட்டினானோ? தெரியாது. கேட்கலாம் என்றால் சுவரே இல்லை.

அச்சாகி வந்த மலரை எடுத்துக்கொண்டு புவாண்ட்-கிளேரில் ஸ்டாங்கா குடிபோயிருந்த முதியோர் குடியிருப்புக்குப் போனாள். கதவு திறக்கவில்லை. அடுத்த ஞாயிறும் போனாள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே திரும்பினாள். ஆனி மாதத்தில் ஒருநாள் கதவு ஓரளவு திறந்தது. ஸ்டாங்கா மெலிந்து பாதியாகியிருந்தாள். மலரை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை.

"ஒன்றே ஒன்று சொல்" என்றாள். "ஏழும் ஒரே ஆள்தானா? அதையாவது அவர் சரியாகப் பார்த்தாரா?"

"ஏழும் ஒரே ஆள்தான். அவருக்கு முன் அதை வேறு யாரும் பார்க்கவில்லை."

ஸ்டாங்கா கதவுப் பிடியை விடாமல் கொஞ்சநேரம் அழுதாள். பிறகு கையை நீட்டி மலரை வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்தினாள்.